மணி ஒலித்தால் யார் வருவார்?

வீடு என்ற ஒன்று தோன்றியபோதே கதவும் தோன்றியிருக்க வேண்டும். கதவு தோன்றியபோதே தாழ்ப்பாளும், தாழ்ப்பாள் தோன்றியபோதே அதனை ஓசையின்றி நீக்கும் வித்தையும் தோன்றியிருக்க வேண்டும். மண்சுவர் எழுப்பினோம், கன்னக்கோல் வந்தது. செங்கற்சுவர் எழுப்பினோம், ஓடு பிரிக்கும் கை வந்தது. மதுரைக் காஞ்சியைப் பயின்றவர்கள் அறிவார்கள்: நூலேணியோடு இருளில் மறைந்து திரியும் கள்வரையும், மழை பொழியும் நள்ளிரவிலும் சோர்வின்றி அவர்களைத் தேடி வரும் ஊர்க்காவலரையும் மாங்குடி மருதனார் அந்நூலில் காட்டுகிறார். சங்க காலத்து மதுரைக்கும் இன்றைய காரைக்குடிக்கும் இந்த ஒன்றில் பெரிய வேற்றுமை இல்லை.

காவலுக்கு மணி கட்டுவதும் நமக்குப் புதிதன்று. மனுநீதிச் சோழன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி கட்டிவைத்த கதையைத் தொடக்கப் பள்ளியிலேயே கேட்டோம். கன்றை இழந்த பசு அம்மணியை இழுத்தது. மன்னன் இறங்கி வந்தான். அந்தக் கதையில் நாம் எதனை வியக்கிறோம்? மணியையா? மணி வெண்கலக் கடையில் கிடைக்கும். ஒலி கேட்டதும் ஒருவன் எழுந்து வந்தானே, அதனையன்றோ வியக்கிறோம்! எங்கள் வீட்டில் பழுதுற்ற எச்சரிக்கை மணியை நீக்கிப் புதியதொன்றைப் பொருத்த நேர்ந்தபோது இந்தக் கதையின் பொருள் எனக்குப் புதிதாக விளங்கிற்று. அந்த அனுபவத்தை இம்மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்கள் வீட்டில் மூன்று பெண்கள். அப்பத்தா, அம்மா, நான். அப்பா 2011 ஆம் ஆண்டு வேலைக்காகச் சிங்கப்பூர் சென்றார். ஆண் துணையற்ற வீடாயிற்றே என்ற கவலையில், புறப்படுமுன் ஒரு திருட்டு அலாரத்தை வாங்கி மாட்டச் செய்தார். கூடத்தில் ஓர் உணரி, பின்கட்டில் ஓர் உணரி, கொல்லைக் கதவில் ஒரு காந்தச் சாவி, மொட்டைமாடிச் சுவரில் ஒரு சைரன், உள்ளே ஒரு சிம் அட்டை. எவரேனும் நுழைந்தால் சைரன் அலறும். குறித்து வைத்த கைப்பேசிகளுக்கு அழைப்புப் போகும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். முதல் ஓரிரண்டு ஆண்டுகள் அது வாய் திறக்கவே இல்லை.

பிறகு திறந்தது. திறந்த வாயை மூடவில்லை.

கூடத்துச் சுவரில் பல்லி ஓடினால் அலறும். மாலை வெயில் மேற்குச் சன்னல் திரையில் பட்டு, மின்விசிறிக் காற்றில் அத்திரை அசைந்தால் அலறும். மின்சாரம் நின்று மீண்டும் வந்தால் வரவேற்பது போல் அலறும். இரவில் தண்ணீர் குடிக்க அப்பத்தா எழுந்து நடந்தாலும் அலறும். அதற்கு அஞ்சியே அவர் தலைமாட்டில் ஒரு செம்பு நீரை வைத்துக்கொண்டு, விடியும் வரை அறையை விட்டு வெளிவராமல் இருக்கப் பழகிக்கொண்டார். திருடனுக்காக வைத்த மணி வீட்டுக்காரரைச் சிறை வைத்தது. அழைத்துக் கேட்டால், விற்ற நிறுவனத்தார் ஒவ்வொரு முறையும் ஆளை அனுப்புவதாகச் சொல்வார்கள். ஆள் வந்ததில்லை.

எங்கள் தெருவில் 14 வீடுகள். தொடக்கத்தில் சைரன் ஒலித்தால் தெருவே கூடும். கைவிளக்கோடு ஒருவர், கம்போடு ஒருவர், பாதி உறக்கத்தில் வேட்டியைக் கட்டிக்கொண்டே ஒருவர். ஒவ்வொரு முறையும் அம்மா வாயிற்படியில் நின்று, “ஒண்ணுமில்லீங்க, பல்லிதான்” என்று சொல்லி அனுப்புவார். நாளடைவில் வருவோர் குறைந்தனர். பிறகு சன்னல் மட்டும் திறந்தது. பிறகு அதுவும் திறக்கவில்லை. புலி வருகிறது, புலி வருகிறது என்று கத்திய ஆட்டிடையன் கதையை எல்லோரும் அறிவோம். எங்கள் வீட்டில் அந்த இடையன் சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டிருந்தான். அவனைத் திருத்தவும் வழியில்லை, அடக்கவும் வழியில்லை.

2023 ஐப்பசியில், நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, புலி வந்தது.

அம்மாவும் நானும் திருச்சியில் ஒரு திருமணத்திற்குச் சென்றிருந்தோம். அப்பத்தா மட்டும் வீட்டில். நல்ல மழை. நள்ளிரவுக்குப் பின் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை நெம்பித் திறந்து ஒருவன் உள்ளே வந்தான். சைரன் அலறியது. அப்பத்தா தம் அறையை உள்ளே தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று நிமிடம் அது அலறியது. பிறகு அதன் அமைப்பின்படி தானே நின்றது. தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. எங்கள் கைப்பேசிகளும் ஒலிக்கவில்லை. உள்ளிருந்த சிம் அட்டை எப்போதோ செயலற்றுப் போயிருந்தது, அதனைத் தெரிவிக்கும் ஏற்பாடு அந்த இயந்திரத்தில் இல்லை. சைரன் நின்ற பிறகும் பின்கட்டில் பாத்திரங்கள் உருளும் ஓசையை அப்பத்தா கேட்டுக்கொண்டே இருந்தார். வந்தவன் அவசரப்படவே இல்லை. இரண்டு பித்தளை அண்டாக்கள், ஒரு குத்துவிளக்கு, அரிசிப்பானையில் வைத்திருந்த 1,800 ரூபாய் ஆகியவற்றோடு அவன் போனான்.

பொருள் போனது பெரிதன்று. மறுநாள் எதிர்வீட்டு வாத்தியாரய்யா வந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். எங்கள் தெருவில் எவருக்கு உடல்நலம் கெட்டாலும் முதலில் வந்து நிற்பவர். திண்ணையில் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு தலை நிமிராமலே சொன்னார்:

“எனக்குக் கேட்டுச்சு தாயி. முழிச்சுத்தான் கெடந்தேன். பல்லியா இருக்கும்னு திரும்பிப் படுத்துட்டேன்.”

அப்பத்தா அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினார். ஆனால் அன்று முதல் இருவருக்குமிடையே ஏதோ ஒன்று அறுந்து போயிற்று. அவர் எங்கள் வாசலைக் கடக்கும்போது நடையை விரைவுபடுத்தினார். தெருவிலுள்ள மற்றவர்களும் அவ்வாறே. திருடன் கொண்டுபோன பொருள்களின் பட்டியலில் அதுவும் ஒன்று. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க முடியாத பொருள்.

அந்த வாரமே அப்பா தொலைபேசியில் அழைத்து, “எவ்வளவு செலவானாலும் சரி, நல்லதாப் பார்த்து மாத்திருங்க. நீதான் பிசிக்ஸ் படிக்கிறியே, நீயே பாரு” என்றார். அம்மாவுக்குச் சத்தமே வேண்டா. அப்பத்தாவோ, “அந்தச் சனியனைக் கழத்தித் தெருவுல போடு” என்றார். கழற்றுவதா, மாற்றுவதா? மாற்றுவதென்றால் எதனை வாங்குவது? நான் படிக்கத் தொடங்கினேன்.

மின்சாரத்தால் இயங்கும் திருட்டு மணிக்கு 1853 ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் அகஸ்டஸ் ரசல் போப். மாசசூசெட்சு மாநிலத்துச் சாமர்வில் நகரத்தைச் சேர்ந்தவர், சமய போதகர். கதவையோ சன்னலையோ திறந்தால் மின்சுற்று இணைந்து மணி அடிக்கும். 1857 இல் அவ்வுரிமையை எட்வின் ஹோம்சு என்பவர் வாங்கி, பாஸ்டன் நகரில் அதனைத் தொழிலாக வளர்த்தார். சுற்று இணைந்தால் ஒலிக்கும் மணிக்கு ஒரு குறை உண்டு. கம்பியை முன்கூட்டியே வெட்டிவிட்டால் மணி ஊமையாகிவிடும். ஆகவே பிற்காலத்தில் முறையைத் தலைகீழாக்கினார்கள். எப்போதும் மெல்லிய மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். அது அறுந்தால் மணி ஒலிக்கும். கதவு திறந்தாலும் அறும். கம்பியை வெட்டினாலும் அறும். இரண்டு கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்து முறுக்கி ஏமாற்றலாமே எனில், அதற்கும் வழியுண்டு. சுற்றின் கடைசியில் ஒரு மின்தடையை வைக்கிறார்கள். நடுவில் எவரேனும் முறுக்கினால் தடையின் அளவு மாறும். மாற்றம் தெரிந்ததும் மணி ஒலிக்கும். நம் ஆய்வகத்தில் ஓம் விதிக்காகப் பயன்படுத்தும் அதே சிறிய தடைதான், ஒரு வீட்டின் வாயிற்காவலன்!

கதவில் பொருத்தும் காந்தச் சாவியும் அழகான பொருள். சிறு கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். காந்தம் அருகில் இருந்தால் ஒன்றையொன்று தொடும், விலகினால் பிரியும். 1936 இல் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் வால்டர் எல்வுட் உருவாக்கியது. குழாய் அடைபட்டிருப்பதால் தூசியும் ஈரமும் தகடுகளை அண்டுவதில்லை.

எங்களைப் பாடாய்ப்படுத்தியது கூடத்தில் இருந்த அகச்சிவப்பு உணரி. மனித உடலின் வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி, அதாவது 310 கெல்வின். வீன் விதிப்படி கணக்கிட்டால், அவ்வுடல் மிகுதியாக வெளியிடும் கதிரின் அலைநீளம் 9.3 மைக்ரோமீட்டர் அளவில் வருகிறது. அக்கதிரை வாங்குவதற்காகவே உணரியின் முகத்தில் வரிவரியான வெள்ளைத் தகடு ஒன்று இருக்கும். கலங்கரை விளக்கங்களுக்காக 1820களில் பிரெஞ்சு அறிஞர் பிரெனெல் வகுத்த வில்லையின் சிற்றுருவம் அது. கூடத்தை அது பல பட்டைகளாகப் பிரித்துப் பார்க்கிறது. ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு வெப்பம் நகர்ந்தால், யாரோ நடக்கிறார் என்று முடிவு செய்கிறது.

இங்கேதான் தொல்லை. உணரி மனிதனைக் காண்பதில்லை. வெப்ப வேறுபாட்டைக் காண்கிறது. தொலைவில் ஓடும் பல்லி அதற்குப் பொருட்டன்று. ஆனால் வில்லையின் மீதே பல்லி ஏறினால், அருகாமையால் அது யானையாகிவிடும். பல்லி ஏன் அங்கே ஏறுகிறது? உணரியின் அருகில் குழல்விளக்கு. விளக்குக்குப் பூச்சி வருகிறது. பூச்சிக்குப் பல்லி வருகிறது. இன்னொன்றும் தெரிந்தது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அறையின் சுவரே 36, 37 டிகிரியைத் தொடுகிறது. சுவரும் மனிதனும் ஒரே வெப்பத்தில் இருந்தால் உணரிக்கு இருவரும் ஒன்றே. குளிர்நாட்டில் கூர்மையாக வேலை செய்யும் கருவி நம் கோடையில் மங்கிவிடுகிறது. பல்லிக்கு அலறி, மனிதனுக்கு மௌனமாக இருக்கக்கூடிய காவலன்!

அடுத்து, எதனை வாங்குவது என்ற கேள்வி. பலர் பலவாறு கூறினர். கேமரா மாட்டுங்கள் என்றனர் சிலர். அப்பாவிடம் கேட்டேன். “மாட்டலாம்மா. ஆனா நான் இங்கருந்து பார்த்துப் பதறத்தான் முடியும். ஓடி வர முடியுமா?” என்றார். கேமரா சாட்சி சொல்லும், கதவைத் தட்டாது. திருட்டு முடிந்த பிறகு பயன்படுவது அதன் முதற்பணி.

கம்பியில்லாத அலாரம் ஒன்று 8,000 ரூபாய்க்கு இணையக் கடையில் கிடைத்தது. மாட்டுவது எளிது. ஆனால் விலை குறைந்த வகைகளில் உணரி பேசும், நடுக்கருவி கேட்கும், அவ்வளவே. உணரியின் பேட்டரி தீர்ந்துபோனால் நடுக்கருவிக்குத் தெரியாது. பேசாதிருப்பவன் காவல் இருக்கிறானா, இறந்துவிட்டானா என்று தெரியாத காவல் அது. இறந்த சிம் அட்டையால் ஒருமுறை பட்டோம், போதும். இருபுறமும் பேசிக்கொள்ளும் உயர்ந்த வகைகள் உண்டு; விலையோ எங்களுக்கு எட்டவில்லை. மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு தொலைவிலிருந்து கண்காணிக்கும் நிறுவனங்களும் உண்டு. எங்கள் வீட்டுக்கு அவர்கள் செய்யக்கூடியது, பக்கத்து வீட்டாரைத் தொலைபேசியில் அழைப்பதுதான். பக்கத்து வீட்டாரை நாங்களே அழைக்க மாட்டோமா?

இவ்வாறு எண்ணிக்கொண்டிருந்தபோது ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சைரனின் மேல் 110 டெசிபெல் என்று அச்சிட்டிருந்தது. அது ஒரு மீட்டர் தொலைவில் அளந்த அளவு. தொலைவு இரு மடங்காகும்தோறும் 6 டெசிபெல் குறையும். 64 மீட்டர் தொலைவிலுள்ள தெருக்கோடி வீட்டை எட்டும்போது 74 ஆகிவிடும். அடைத்த சன்னல் மேலும் 20, 25 டெசிபெல்லை விழுங்கும். எஞ்சுவது தாழ்ந்த பேச்சுக்குரல் அளவு. ஒரு காலத்தில் எங்கள் தெருவில் ஆடவர் திண்ணையிலும் மாடியிலும் படுப்பர். கூர்க்காவின் விசில் எல்லார் காதிலும் விழும். இன்று பாதி வீடுகளில் குளிர்சாதனப் பெட்டி. சன்னல் அடைபட்டுவிட்டது. ஆகவே சைரனின் அலறல் மட்டும் போதாது; அதனைக் கேட்டு எழ வேண்டும் என்ற எண்ணமும் கேட்பவர் மனத்தில் இருக்க வேண்டும்.

இதனை அப்பத்தாவிடம் சொன்னேன். அவர் படித்தது மூன்றாம் வகுப்பு. வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: “மணி அடிச்சா வரப்போறது மனுசந்தானே தாயி. அந்த மனுசங்களுக்குப் பதில் சொல்ற மாதிரி ஒண்ணு வாங்கு.”

அதுவே எனக்கு அளவுகோலாயிற்று. எந்தக் கருவி மிக நுட்பமாக மோப்பம் பிடிக்கும் என்று தேடுவதை நிறுத்தினேன். எந்தக் கருவி பொய் சொல்லாது என்று தேடினேன்.

முடிவில் கம்பிவழி அமைப்பையே தேர்ந்தெடுத்தோம். பழைய கம்பிக் குழாய்கள் சுவருக்குள் இருந்தன. நடுக்கருவி, 12 வோல்ட்டு பேட்டரி, உணரிகள், கூலி எல்லாம் சேர்த்து 19,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக ஆயிற்று. எங்கள் பகுதி எலக்ட்ரீசியன் அண்ணன் ஒரு சனிக்கிழமை காலை வந்தார். நான் மல்டிமீட்டரோடு ஏணியின் அடியில் நின்றேன். “நீ சொல்லு பாப்பா, நான் முறுக்குறேன்” என்றார். கம்பி ஒவ்வொன்றின் தடையையும் அளந்தோம். கொல்லைக் கதவுக்குப் போகும் கம்பியில் மட்டும் அளவு நிலையாக நிற்கவில்லை. பிரித்துப் பார்த்தால் நடுவே ஓர் இணைப்பு. செம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அந்தக் கம்பியை முழுதும் உருவிவிட்டுப் புதிதாக இழுத்தோம்.

கதவுகளே ஒரு பாடம் நடத்தின. வாயிற்கதவு பழைய தேக்கு. ஐப்பசி மழையில் உப்பும், பங்குனியில் சுருங்கும். காந்தத்துக்கும் சாவிக்கும் உள்ள இடைவெளி பருவத்துக்கு ஏற்ப மாறும். அதனால் அகன்ற இடைவெளியிலும் வேலை செய்யும் வகையை அங்கே வைத்தோம். கொல்லைக் கதவோ இரும்பு. திருட்டுக்குப் பின் அம்மா மாற்றியது. இரும்பின் மேல் நேராகக் காந்தத்தை ஒட்டினால் அதன் புலத்தை இரும்பே இழுத்துக்கொள்ளும். இடையே அரை அங்குலக் கனத்தில் ஒரு பிளாஸ்டிக் கட்டையை வைத்து, வலிய காந்தத்தைப் பொருத்தினோம். மொட்டைமாடிக் கதவுக்கும் ஒன்று.

கூடத்தில் இருந்த உணரியை எடுத்துவிட்டு, இரட்டை முறை உணரியை வைத்தோம். அகச்சிவப்போடு நுண்ணலையும் அனுப்பிப் பார்ப்பது அது. வெப்பம் நகர்கிறது என்று ஒன்றும், பொருள் நகர்கிறது என்று மற்றொன்றும் ஒருசேரச் சொன்னால்தான் அது வாய் திறக்கும். இரண்டு சாட்சிகள் ஒத்தாலன்றித் தீர்ப்பில்லை. அதனைக் குழல்விளக்கிலிருந்து விலக்கி, மேற்குச் சன்னலைப் பாராத மூலையில், ஏழரை அடி உயரத்தில் பொருத்தினோம். கம்பி நுழையும் துளையைச் சிலிக்கான் பசையால் அடைத்தோம். எறும்புக்குக்கூட வழியில்லை.

எல்லாவற்றினும் அப்பத்தாவுக்குப் பிடித்தது இரவு நிலை. உறங்கப் போகும்போது கதவுகள் மட்டும் காவலில் இருக்கும். உள்ளே இருக்கும் உணரி ஓய்வெடுக்கும். பன்னிரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக அன்றிரவு அவர் அறையைத் திறந்துகொண்டு வந்து, கூடத்தில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். ஒன்றும் அலறவில்லை. “இப்பத்தான் வீடு வீடா இருக்கு” என்றார்.

பேட்டரி 7 ஆம்பியர்-மணி. கருவிகள் எல்லாம் சேர்ந்து இழுக்கும் மின்னோட்டம் 0.2 ஆம்பியர் என்று அளந்தேன். வகுத்தால் 35 மணி. நடைமுறையில் அதனினும் குறையும். வெப்பமான நம் ஊரில் ஆண்டுக்கு ஆண்டு மேலும் குறையும். எனவே பேட்டரியின் மேல் பொருத்திய நாளை எழுதி ஒட்டிவைத்தோம். புதிய நடுக்கருவி, பேட்டரி தளர்ந்தாலும் சிம் செயலற்றாலும் விளக்குக் காட்டிச் சொல்லும். அப்பத்தாவின் கையில் ஒரு சிறு பொத்தானையும் கொடுத்தோம். அதனை அழுத்தினால் எந்நேரமும் வெளிச் சைரன் ஒலிக்கும். அவர் அதனைத் தம் சுருக்குப்பையில் வெற்றிலைக்கும் சில்லறைக்கும் நடுவே வைத்துக்கொண்டார்.

கருவி பொருத்தியாயிற்று. வேலை முடியவில்லை. மறுநாள் ஞாயிறு மாலை அப்பத்தாவும் நானும் தெருவிலுள்ள 13 வீடுகளுக்கும் நடந்தோம். ஒவ்வொரு வீட்டிலும் சொன்னோம்: பழைய மணியைக் கழற்றிவிட்டோம்; இது வேறு மணி; இதன் ஒலியும் வேறு. மாதத்தின் முதல் ஞாயிறு மாலை 5 மணிக்குப் பத்து நொடி மட்டும் சோதனைக்காக ஒலிக்கும். மற்ற எந்த நேரத்தில் ஒலித்தாலும் மெய்யாகவே அழைக்கிறோம் என்று கொள்ளுங்கள். தொலைபேசி எண்களை வாங்கிக்கொண்டோம். ஐந்து பேருடைய எண்களைக் கருவியில் பதிந்தோம். 100 என்ற எண்ணை அதில் சேர்க்கவில்லை. வந்து பார்க்கும் மனிதர் தேவையறிந்து காவல்துறையை அழைக்கட்டும் என்று விட்டுவிட்டோம். வெளியூர் செல்வதானால் காவல் நிலையத்தில் முன்னரே தெரிவித்துவிட்டுப் போவது என்றும் முடிவு செய்தோம்.

எதிர்வீட்டுக்குக் கடைசியாகப் போனோம். அப்பத்தா சுற்றி வளைக்கவில்லை.

“வாத்தியாரய்யா, ஒங்க நம்பரத்தான் மொதல்ல போட்டுருக்கு. இனிமே பல்லிக்கு அடிக்காது. அடிச்சா வாங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வர்றேன் ஆத்தா” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

முதல் சோதனை நாளன்று சைரன் ஒலித்தபோது தெருப்பிள்ளைகள் கூடிக் கைதட்டினர். அதன்பின் ஒவ்வொரு மாதமும் அது ஒலித்தது. ஒலித்துப் பத்து நொடியில் நின்றது. மற்ற நாள்களில் வாய் திறக்கவில்லை. ஓராண்டு கழிந்தது.

2025 பங்குனியில் ஒரு நண்பகல். அம்மா கடைக்குப் போயிருந்தார், நான் கல்லூரியில். கொல்லையில் துவைகல்லின் அருகே அப்பத்தா வழுக்கி விழுந்தார். எழ முடியவில்லை. குரல் கொடுத்தார், வெயில் நேரம், எல்லார் வீட்டிலும் சன்னல் அடைபட்டிருந்தது. கை சுருக்குப்பையைத் தேடிற்று. சைரன் ஒலித்தது.

முதலில் வந்தவர் வாத்தியாரய்யா. செருப்பணியாத காலோடு அந்தத் தார்ச்சாலையைக் கடந்து வந்தார். பின்னால் ஐந்து பேர். ஒருவர் கொல்லைச் சுவரில் ஏறிக் குதித்தார். மற்றொருவர் ஆட்டோ பிடித்தார். இடுப்பெலும்பில் விரிசல், அறுவையின்றியே குணமாயிற்று. நான் மருத்துவமனைக்கு ஓடிச் சென்றபோது, அப்பத்தா படுத்தவாறே கட்டிலருகில் நின்றவரிடம், “பல்லின்னு நெனைக்கலையே?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சிரித்தார். 2023 ஐப்பசிக்குப் பின் அவர் எங்களிடம் சிரித்தது அன்றுதான். இப்போது அப்பத்தா கைத்தடியோடு நடக்கிறார். மாலையில் எதிர்த்திண்ணைவரை போய் வருகிறார்.

தோழர்களே! இயற்பியல் படிக்கும் எனக்குக் கருவிகளின்மேல் காதல் உண்டு. காந்தமும் கதிரும் மின்தடையும் சேர்ந்து ஒரு வீட்டைக் காக்கும் திறத்தை எண்ணி எண்ணி மகிழ்கிறேன். எனினும் அவை செய்யக்கூடியது ஒன்றே: ஒரு செய்தியைச் சுவருக்கு வெளியே கொண்டுசெல்வது. அச்செய்தியை நம்புவதும், நம்பி எழுவதும், எழுந்து ஓடி வருவதும் மனிதர் செயல். நம்பிக்கை பேட்டரியைப் போன்றது. ஒவ்வொரு பொய் அழைப்பும் அதில் சிறிது குடிக்கிறது. முழுதும் வற்றிய பின், எத்தனை டெசிபெல் அலறினாலும் பயனில்லை. ஆனால் மீண்டும் நிரப்ப முடியும்; அதற்கு வீடு வீடாக நடக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டிலும் பழைய மணி ஒன்று ஓயாமல் அலறிக்கொண்டிருக்கலாம். மாற்ற எண்ணினால் விலைப்பட்டியலைப் பாருங்கள்; உணரியின் வகையைப் பாருங்கள்; பேட்டரியின் அளவைப் பாருங்கள். அதன்பின் பெரியவர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு உங்கள் தெருவில் ஒருமுறை நடந்து வாருங்கள். ஒவ்வொரு கதவையும் தட்டி, மணி ஒலித்தால் வருவீர்களா என்று கேளுங்கள். அவர்கள் வீட்டு மணி ஒலித்தால் நீங்கள் வருவீர்கள் என்பதையும் மறவாமல் சொல்லிவிட்டு வாருங்கள்.